குதிரை நடைப் பாட்டு

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, காற்றாலைப் பம்புக்குள் தேய்ந்துபோன தோல் வளையத்தை மாற்றியது. லூதர் ப்ரூயிட் மேலிருந்து கம்பியை இழுக்க, வெல்டா கீழே முறுக்குச் சாவியால் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாத புள்ள. உள்ள விழுந்தா நீதான் இறங்கி எடுக்கணும்."

"உங்களுக்குத்தான் ஒல்லி உடம்பு. நீங்க இறங்குங்க."

"இறங்குவேன். ஏறத்தான் வராது."

மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதல் குவளை செம்மண் நிறத்தில் இருந்தது; அதையே குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வெல்டா மின்வாரியத்தில் பொறியாளர். அடக்கம் முடிந்து சாப்பாடு கொண்டுவந்தவர்கள் எல்லாம் அப்பாவின் ரேடியோ நாட்களைப் பற்றியே பேசினார்கள். பாதி அவளுக்குத் தெரிந்ததுதான். தெரியாததை அம்மா ஓபல் சொன்னாள்.

லூதர் பத்து வருடம் இரவுக் காவல் பார்த்தவர். படுத்திருக்கும் மாட்டு மந்தையை இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் குதிரையில் சுற்றுவார்கள். சுற்றும்போது பாடவேண்டும். இருட்டில் எது வருகிறது என்று மாட்டுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் அது மிரளாது. குதிரை எப்படி நடக்கிறதோ அப்படிப் பாட்டு. பாட்டின் அடிகளுக்கு நடுவே வாயை மூடுவது கிடையாது. வார்த்தை தீர்ந்தால் முனகவேண்டும்.

ஒரு நாள் தரை அணில் தோண்டிய வளையில் குதிரையின் கால் இறங்கி, இவருடைய இடுப்பு முறிந்தது. அதன்பின் எந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. கையில் மீதி இருந்தது மாட்டுக்குப் பாடிய பாட்டு ஒன்றுதான். மாடில்லாத இடத்தில் அது யாருக்காவது ஆகுமா? அந்தக் கேள்வியோடுதான் அவர் ஊரில் புதிதாகத் திறந்த ரேடியோ நிலையத்துக்குள் நொண்டிக்கொண்டு போனார்.

நிர்வாகி கிரிம்ஸ் தினமும் மாலை கால் மணி நேரம் கொடுத்தார். முதல் வாரமே கேட்பவர்கள் திட்டினார்கள். குரல் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. நிலையத்தில் கருவி கெட்டுவிட்டதென்று பிரித்து மாட்டினார்கள். பிறகுதான் ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். லூதர் கண்ணை மூடிக்கொண்டு, இடது தோளை ஒலிவாங்கியின் பக்கம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பாடிக்கொண்டிருந்தார்.

"அது மைக்கு, ப்ரூயிட். மந்தை இல்ல. அது எங்கயும் ஓடாது."

"தெரியுது, மிஸ்டர் கிரிம்ஸ். காலுக்குத் தெரியல."

தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு நிறுத்தினார்கள். நின்றார். வார்த்தை வரவில்லை. இரண்டாம் அடியிலேயே பாட்டு மறந்துபோய் வெறுமனே முனகினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்த நேரத்தை ஒரு பிடில் குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகக் கிரிம்ஸ் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஓபல் பீன்ஸை அவர் தட்டில் கொட்டினாள்.

"நின்னு பாடினவனா நீ? என்னிக்காவது நின்னு பாடியிருக்கியா?"

"இல்ல."

"நடந்தது குதிரைதானே? நீ உக்காந்துதானே இருந்த? அப்ப உக்காரு."

மறுநாள் தச்சர் பலகை அறுக்கும் மரத்தாங்கி ஒன்றை நிலையத்துக்கு இழுத்துப்போய், அதன்மேல் தன் சேணத்தைப் போட்டு ஏறி உட்கார்ந்தார். கிரிம்ஸ் ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே உயர்த்தினார். லூதர் ஆடி ஆடிப் பாடினார். வாய் ஒலிவாங்கியை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை. வார்த்தை எல்லாம் திரும்பி வந்தது.

வேகத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை. துள்ளலாகப் பாடச் சொன்னால் "மாடு எழுந்துரும்" என்பார். கேலி செய்தவர்கள் உண்டு. பக்கத்துப் பண்ணை ஹோமர் ஸ்டாங், "லூதர் பாடினா என் மாடும் தூங்குது, மாமியாரும் தூங்குறா. எனக்கு ரெண்டும் லாபம்" என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தான். தொலைவில் தனிக் குடிசைகளில் வேலிக் காவல் இருந்த ஆட்கள் மாலையில் அந்தக் கால் மணி நேரத்துக்காக மட்டும் பேட்டரியைச் சேமித்தார்கள். பதினெட்டு வருடம் பாடினார். பின்பு நிலையம் இசைத்தட்டுக்கு மாறியது. சேணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனக்கசப்பு ஏதும் இருந்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. அன்று இரண்டு துண்டு பீச் பழ அப்பம் சாப்பிட்டாராம்.

அந்தப் பாட்டு எதிலும் பதிவாகவில்லை. நேரே காற்றில் போனது. அலை எவ்வளவு தூரம் போய்த் தேயும் என்று வெல்டாவுக்குக் கணக்குப் போடத் தெரியும். போடவில்லை.

வெள்ளிக்கிழமை தொலைபேசி அடித்தது. அடுத்த மாவட்டத்துப் பண்ணைக்காரர், பஃபோர்ட் லைல். செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை.

"லூதர் கிளம்பிட்டாராம்மா? தாய்கிட்டேருந்து கன்னுங்களப் பிரிச்சுட்டோம். சாயங்காலம் வந்து வேலியோரம் உக்காந்து பாடுறேன்னாரு. வருஷா வருஷம் வருவாரே."

அவளுக்குத் தெரியாது. அப்பா சொன்னதே இல்லை.

சொன்னாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று. அந்தப் பக்கம் அவர் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

"ரேடியோவ வேலியில வெச்சுப் பாத்தேன்," என்றார் பிறகு. "இப்பல்லாம் பாட்டு ரொம்ப வேகம். கன்னுங்க ஓடுதுங்க."

அவர் குரலுக்குப் பின்னால் கன்றுகள் கத்திக்கொண்டிருந்தன.