பெருந்துறைக் கப்பலில் மூன்று இழுப்பு

பெருந்துறையில் கப்பல் நிற்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், சாயப்பட்டறைகளைத் தாண்டிப் போனால், மூன்று மாடி உயரத்தில் அது நிற்கத்தான் செய்கிறது. கண்டெய்னர்களை வெட்டி ஒட்டி உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர்கள் கட்டிய இரும்புக் கப்பல். மேல்தளம் உண்டு, இன்ஜின் அறை உண்டு, ஆழமான சரக்கு அறையும் உண்டு. தண்ணீர் மட்டும்தான் இல்லை. மினி பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்குக் கப்பல் ஸ்டாப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லாரி டிரைவர்கள் வண்டியை மெதுவாக்கி, "தண்ணி எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

துறைமுகத்தில் நிற்கிற கப்பலில் தீப்பிடித்தால் அணைக்க ஓடுகிறவர்களில் பலர் வீட்டுத் தீயிலும் குடோன் தீயிலும் பழகியவர்கள். கப்பல் தீ வேறு ஜாதி. ஜன்னல் கிடையாது, வாசல் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை, சுற்றிலும் இரும்பு, உள்ளே இறங்க இறங்கச் சூடு. இதில் பழக வேண்டுமானால் எரிகிற கப்பல் வேண்டும். என் கப்பலைக் கொளுத்திப் பழகிக்கொள்ளுங்கள் என்று எந்த முதலாளி கொடுப்பான்? அதனால் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நிலம் கிடைத்த இந்தப் பொட்டல்காட்டில் பொய்க் கப்பலைக் கட்டியது. நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தீயணைப்புக் குழுவினர் பத்து நாள் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் பொற்கொடி. வயது முப்பத்து நான்கு. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

முதல் குழு வந்த அன்றே இது தெரிந்து, ஒருவர் வேண்டுமென்றே எழுந்து கேட்டார், "மேடம் கடலையே பாத்தது இல்லையாமே?"

"இல்லீங்க," என்றாள் பொற்கொடி. "கடலும் எங்கூரு கெணத்தப் பாத்ததில்லீங்க. எதுக்குள்ள எறங்குனாலும் மூச்சு ஒண்ணுதானுங்க. எந்திரிச்சு சிலிண்டர மாட்டுங்க."

அவள் பிறந்தது பல்லடத்துக்குத் தெற்கே. அம்மா கருப்பாத்தாளுக்குக் கோழிப்பண்ணை வேலை. அப்பா சின்னான் கிணறு வெட்டுகிறவர். நாற்பதுக்கு மேல் வெட்டியிருக்கிறார். அவற்றில் பல கிணறுகளில் அவர் ஒரு குடம் தண்ணீர் சேந்தியதில்லை, சேந்த விட்டதில்லை. நூறடி கீழே பாறையை உடைத்து ஊற்றை முதலில் கண்ணால் பார்த்த மனுஷனுக்கு, மேலே ஏறி வந்ததும் தள்ளி நிற்கச் சொல்லிக் கையில் ஊற்றுவார்கள். இதை நினைத்தால் பொற்கொடிக்கு இன்றைக்கும் வயிறு எரியும். எரியாமல் எப்படி இருக்கும்?

பள்ளிக்கூட லீவு நாட்களில் அவளுக்குக் கிணற்று மேட்டில் கயிறு பிடிக்கிற வேலை. கம்ப்ரசர் இரைச்சலில் கீழே கத்துவது மேலே கேட்காது. அதனால் பேச்சு முழுக்கக் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. பத்து வயதில் அவள் கை இதைப் படித்துக்கொண்டது. கூடவே வாய் இன்னொன்றைப் படித்தது. கிணற்றில் இறங்குகிறவன் 'போறேன்' என்று சொல்லவே கூடாது. போகிறவன் திரும்ப வேண்டுமே. சின்னான் தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாரேன் கண்ணு" என்று சொல்லித்தான் கீழே இறங்குவார்.

பொற்கொடி கோயம்புத்தூரில் தீப் பாதுகாப்பு டிப்ளமோ படித்துவிட்டுத் தொழிற்பேட்டையின் பொதுத் தீயணைப்புக் குழுவில் சேர்ந்தாள். முதல் இரண்டு வருஷம் ஹோஸ் பைப்பைச் சுருட்டி வைக்கவும் ரிஜிஸ்டர் எழுதவும் மட்டுமே விட்டார்கள். பொம்பளைப் பிள்ளை, அதுவும் இன்னார் வீட்டுப் பிள்ளை, இது போதும் என்று நினைத்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தொட்டி வாயில் நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கியவள் அவள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ரிஜிஸ்டரை வேறு ஆள் எழுதினார். பயிற்சி நிலையம் தொடங்கியதும் அவளைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் பயிற்றுநராகத் தொடர உரிமச் சான்று வேண்டும் என்று புது விதி வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து மூன்று நாள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவள் திரும்ப ஹோஸ் பைப் அறைக்கு. வேறு கதி இல்லை.

வந்தவர் கேப்டன் வேங்கடசாமி. சொந்த ஊர் அவிநாசிதான், மில் நடத்திய குடும்பம். இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் உலகம் சுற்றி ஓய்வு பெற்றவர். அத்தனை தண்ணீரில் ஊர்ப் பேச்சு கரைந்துபோயிருந்தது. அச்சடித்த மாதிரி தமிழும், தமிழுக்கு நடுவில் ஆங்கிலமும் பேசுவார். கெட்டவர் இல்லை. ஆனால் கடல் அவருடைய சொந்தச் சொத்து என்பது போல ஒரு நடை.

முதல் நாள் சரக்கு அறையில் இறங்கிக் காட்ட வேண்டும். அறையின் வாய்க்கு மேல் மூன்று கால் இரும்புச் சட்டம் நட்டு, கப்பியில் கயிறு ஓடியது. கயிறு பிடித்தவர் பயிற்சிக்கு வந்திருந்த நாகப்பட்டினத்து ரசாக். பொற்கொடி கால்களைத் தொங்கவிட்டு இறங்கினாள். பாதியில் ஒரு தட்டு வந்தது, நின்று மூச்சு வாங்கினாள். மேற்கொண்டு இறங்குமுன் காதோரம் இருந்த மைக்கை அழுத்தி, வழக்கம் போல, "சரிங்க, வாரேனுங்க" என்றாள்.

ரசாக் பழுது சொல்ல முடியாத வேலைக்காரர். வாரேன் என்று காதில் விழுந்ததும் சரசரவென்று மேலே இழுத்தார். கீழே காலை வைக்கப் போனவள் சட்டென்று மேலே பறந்தாள். தோள் இரும்பு விளிம்பில் மோதியது. வாய்க்கு மேலே தலை வந்ததும் பார்த்தால் ரசாக்கின் முகத்தில் அவளை விடப் பெரிய திகைப்பு.

"நீங்கதானே வாரேன்னீங்க," என்றார் ரசாக்.

"எறங்கறேன்னு சொன்னேனுங்க."

"வாரேன்னா எறங்கறதா?"

பயிற்சிக்கு வந்த இருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொற்கொடிக்குத் தோள் வலியை விட அந்தச் சிரிப்பு வலித்தது. வேங்கடசாமி சிரிக்கவில்லை. அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லோரையும் நிற்க வைத்து ஆணை போட்டார். இனி ஊர்ப் பேச்சு கூடாது. ரேடியோவில் ஆங்கிலம் மட்டும். இறங்கினால் 'கோயிங் டவுன்', ஏறினால் 'கமிங் அப்'. உலகத்தில் எல்லாக் கப்பலிலும் இதுதான். வேறு சைகை எதுவும் வேண்டாம், இரண்டு வழி வைத்தால் இரண்டு குழப்பம்.

பொற்கொடி வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏனுங்க கேப்டன், நேத்து நடந்தது என் தப்புத்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா இரும்புக்குள்ள ரேடியோ பாதிதானுங்க கேக்கும். கோயிங்கும் கமிங்கும் இரைச்சல்ல ஒண்ணுபோலத்தான் இருக்கும். அதுவும் போக, மூச்சு முட்டறப்ப வாயில வர்றது அவங்கவங்க ஊட்டுப் பேச்சுதானுங்க. நாகப்பட்டினத்துக்கு ஒண்ணு, தூத்துக்குடிக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. கயித்து இழுப்புன்னா எல்லாருக்கும் ஒண்ணு."

"கப்பல் என்பது கிணறு அல்ல, அம்மா."

"எறங்கறவனுக்குக் கெணறுதானுங்க."

"ஆணை ஆணைதான்," என்றார் வேங்கடசாமி. "நாளை தேர்வில் கயிற்றில் சைகை செய்தால் தேர்ச்சி கிடையாது."

"ரேடியோல நீங்க சொன்னதச் சொல்றேனுங்க. கயித்துல நான் சொல்றதயும் சொல்லுவேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. எட்டு வருஷ உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் போய்விடலாம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

டீ நேரத்தில் ரசாக்கைக் கூப்பிட்டுக் கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். கப்பலின் மறுபக்கம் போய் நின்று இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ரசாக் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

"எப்படீங்க இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டாள்.

"எங்க வாப்பா தூண்டில்காரர். மீன் கடிக்குறது கண்ணுல தெரியாது, விரல்லதான் தெரியும்," என்றார் ரசாக். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நேத்து உங்கள இழுத்தது மனசுல கெடக்கு. நாளைக்கு வேற ஆள வச்சுக்குங்க மேடம்," என்றார்.

"நாளைக்கும் நீங்கதானுங்க. வேற ஆரு கைலயும் கயித்தக் குடுக்கமாட்டேன்."

தேர்வு நாளன்று வெயில் ஏறுமுன்பே இரும்பு சுட்டது. சரக்கு அறையின் அடியில் எண்பது கிலோ பொம்மை ஒன்று கிடந்தது. பொற்கொடி, தொழிற்பேட்டைக் குழுவின் கௌதமன், தூத்துக்குடிக்காரர் ஒருவர், ஆக மூன்று பேர் இறங்கி அதைக் கொண்டுவர வேண்டும். உள்ளே ஈர வைக்கோலைப் புகைய விட்டிருந்தார்கள். வேங்கடசாமி ரேடியோவோடு அறை வாயருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ரசாக். கயிறு பொற்கொடியின் இடுப்பில் மட்டும்தான், மற்ற இருவருக்கும் ஏணி.

"கோயிங் டவுன்," என்றாள் பொற்கொடி, தெளிவாக. கயிற்றை இரண்டு முறை இழுத்தாள். கயிறு இளகியது. வேங்கடசாமி அதைப் பார்த்துவிட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கீழே கை தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனார்கள். கௌதமன் பொம்மையைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தபோதுதான் தூத்துக்குடிக்காரர் பின்னால் இல்லை என்பது தெரிந்தது. பொற்கொடி வந்த வழியே தவழ்ந்தாள். அவருடைய சிலிண்டர் இரண்டு இரும்புக் குழாய்களின் இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. திமிறியதில் மாஸ்க் ஒருபக்கம் நழுவி, புகையைக் குடித்து, ஆள் சரிந்து கிடந்தார்.

இது பயிற்சி இல்லை என்று அவளுக்கு உறைத்தது. பயமும் வந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம். மாஸ்க்கை அழுத்திப் பொருத்தினாள். வாரை அறுத்துச் சிலிண்டரை விடுவித்தாள். மைக்கை அழுத்தி, "கமிங் அப், கமிங் அப், ஆளு மயங்கிட்டாரு," என்று கத்தினாள். பதிலுக்கு வெறும் கரகரப்பு.

ஆளை அறை வாய்க்கு நேர் கீழே இழுத்து வந்து, தன் இடுப்புக் கொக்கியைக் கழற்றி அவர் இடுப்பில் மாட்டினாள். இனி அவளுக்குக் கயிறு இல்லை. கயிற்றைப் பிடித்து, ஒவ்வொன்றையும் நிறுத்தி, மூன்று முறை இழுத்தாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் கயிறு விறைத்தது. தூத்துக்குடிக்காரர் அவள் கையை விட்டு மேலே போனார். புகைக்குள் அவருடைய பூட்ஸ் மறைகிற வரை கீழேயிருந்து தாங்கிவிட்டு, அவளும் கௌதமனும் ஏணியைத் தேடிப் பிடித்தார்கள்.

மேலே வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுக்கிற ஆள் பிழைத்த ஆள். பொற்கொடி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தாள். ஒரு கணம் ஏன் தாமதம் என்பது பிறகு ரசாக் சொல்லித்தான் தெரிந்தது. ரேடியோவில் '...இங்' என்று மட்டும் கேட்டிருக்கிறது. கோயிங்கா கமிங்கா என்று உறுதியாகும் வரை இழுக்காதே என்றிருக்கிறார் வேங்கடசாமி. ரசாக் அவர் முகத்தைப் பார்த்தாராம். விரலில் மூன்று இருந்தது. இழுத்துவிட்டாராம்.

சாயங்காலம் அலுவலக அறையில் வேங்கடசாமி படிவத்தை நிரப்பினார். பொற்கொடி எதிரே நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. முடிவு என்ற கட்டத்தில் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'ஆணையை மீறிக் கயிற்றுச் சைகை செய்தது' என்று எழுதிப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் விதியை மீறியதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது," என்றார்.

அவள் நிதானமாகப் படித்தாள். இந்த ஆளுக்கு முன்னால் அழக்கூடாது என்று இன்னொரு தரம் படித்தாள்.

"காரணத்தப் பாதில நிறுத்திப்போட்டீங்க," என்றாள். "மீதியும் எழுதுங்க."

"மீதி என்ன?"

"ரேடியோ கேக்கல. கயித்த மூணு தடவ இழுத்தேன். ஆளு உசுரோட மேல வந்தாரு. அதையும் எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, பெயிலான காயிதத்தக் கண்ணாடி போட்டு ஊட்டுல மாட்டிக்கறேனுங்க. அடுத்த வாட்டி ஆரு கேட்டாலும் இதத்தான் காட்டுவேன்."

"கட்டத்தில் இடம் இல்லை."

"ஓரத்துல எழுதுங்க. நான் நிக்கறேன்."

நின்றாள். வெளியே ஷிப்டு விட்ட கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. வேங்கடசாமி பேனாவை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். பொய் எழுதத் தெரியாத மனிதர், அது அவருடைய நல்ல குணம். ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதினார். ரேடியோ கேட்கவில்லை என்றும் எழுதினார். இழுக்க வேண்டாம் என்று தான் சொன்னதையும், அவள் கேட்காமலே, சேர்த்து எழுதினார். எழுதியதைத் தானே ஒருமுறை படித்தார். கையெழுத்துக் கோட்டுக்கு மேல் பேனா அப்படியே நின்றது.

"இதுக்குக் கீழ நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது?" என்றார். குரல் அவிநாசிக்குத் திரும்பியிருந்தது.

"அப்ப மேல எழுதுனத மாத்துங்க," என்றாள் பொற்கொடி.

வேங்கடசாமி பேனாவை மேல் கட்டத்துக்குக் கொண்டுபோனார். 'தேர்ச்சி இல்லை' என்பதில் 'இல்லை'யை மட்டும் அடித்தார்.