காரின் முழக்கத்தில் உறங்கிய குழந்தை

என் கணவர் ரங்கூனில், அலோன் பகுதியில், ஓர் ஆங்கிலேய மரவியாபாரியிடம் கார் ஓட்டுகிறார். இரவும் பகலும் நில்லாமல் ஓடும் பந்தயத்துக்கென்றே சீமையில் கட்டப்பட்ட வண்டி அது. இங்கு அதுபோல் இன்னொன்றை நாங்கள் கண்டதில்லை. சென்ற மழைக்காலத்தில் துரை தம் நாட்டுக்குப் போயிருந்தார். துருப்பிடிக்காதிருக்க, இயந்திரத்தைத் தினமும் கொட்டகையிலேயே ஓடவிடச் சொல்லியிருந்தார்.

எதற்கும் உறங்காத எங்கள் கைக்குழந்தை அந்தச் சீரான முழக்கத்தில் உறங்கிப்போனாள்.

"உன் தாலாட்டைவிட என் வண்டிப் பாட்டுதான் அவளுக்குப் பிடிக்குது, பாத்தியா?" என்றார் கணவர்.

"உங்க வண்டியா? தொரை காதுல விழப்போகுது."

அன்றுமுதல் கொட்டகை உத்தரத்திலேயே தூளி கட்டினேன். ஒருநாள் சாரல் அடித்ததால் அவர் கதவுகளைச் சாத்தினார். பிறகு மரக்கிடங்கு மேஸ்திரி கூப்பிட, இயந்திரத்தை ஓடவிட்டபடியே வெளியே போனார். நான் தூளியருகே படித்துக்கொண்டிருந்தேன். தலை கனத்தது, எழுத்துகள் மங்கின. மழைநாளின் மந்தம் என்றே நினைத்தேன். குழந்தை அசையாமல் கிடப்பதைக் கண்டு, நல்ல உறக்கம் என்று மகிழவும் செய்தேன்.

குடை இரவல் கேட்டு வந்த அண்டைவீட்டுப் பர்மியப் பெண் மா டின் கதவைத் திறந்தாள். "அமலே, அம்மாடி! என்ன புகை அக்கா! பாப்பா தூங்கல, மயக்கம்!" என்று அலறி, குழந்தையை வாரிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். நான் தவழ்ந்தே வெளியேறினேன். வெகுநேரம் கழித்தே குழந்தை முனகினாள்.

இயந்திரப் புகையில் மணமில்லாத நஞ்சும் உண்டென்று வைத்தியர் சொன்னார். மூடிய இடத்தில் இயந்திரம் ஓடினால் அங்கே நிற்காதீர்கள், சகோதரிகளே. நான் இப்போது கொட்டகைப் பக்கமே போவதில்லை. ஆனாலும், குழந்தை அயர்ந்து உறங்கும்போதெல்லாம் அவள் பாதத்தைக் கிள்ளி எழுப்பிவிடுகிறேன். அவள் அழுத பிறகே என்னால் படுக்க முடிகிறது.