பார்க்கர் துரையின் பெல்ட்

காப்பிக்கு முன்பே பார்க்கர் துரை பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுவிடுவார். கிழிந்த பனியன் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, பித்தளைக் கொக்கி வரைக்கும் நீவுவார். செங்கோட்டை ரயில் லைனில் கார்டாக இருந்த அப்பா கட்டிய தோல் பெல்ட் அது. பிறகு இவரும் கார்டு. "கார்டுக்கு பெல்ட்டுதான் சிஸ்டர் மூஞ்சி" என்பார். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்; வாரம் ஒருமுறை அவருக்குப் பிரஷர் பார்க்கப் போவேன். ஆங்கிலோ இந்தியக் குடும்பம்; அண்ணன் தம்பிகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். இவர் தென்காசியில் நாச்சியார் ஆச்சி வீட்டு மாடியில் தனியாக இருந்தார்.

சுத்த சைவ வீடு. மாடி அறை பூசை அறைக்கு நேர் மேலே. ஆச்சி அதை வேறு யாருக்கும் விட்டதில்லை. இவருக்குக் கிடைத்தது பெயரால். தெருவில் 'தொர வீடு' என்று சொன்னால் ஆச்சிக்கு முகம் மலரும். என்ன ஜாதி என்று இவரை யாரும் கேட்டதில்லை. கேள்வி வரவேண்டிய இடத்தில் பார்க்கர் என்ற பெயர் நின்றது.

எண்பத்து மூன்றாம் வருஷச் சாரல் சீசனில் குற்றாலத்துக்கு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வந்தார். குடும்பப் பெயர்களின் பூர்வீகம் தேடுகிறவர். ஆச்சியின் மகன் பால்வண்ணநாதன்தான் துரையை அவரிடம் அழைத்துப் போனான். Barker என்று எழுதும் இந்தப் பெயருக்கு இரண்டு வேர் சொல்வார்களாம். ஒன்று, ஆடு மேய்ப்பவனைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். மற்றது, 'பார்க்' என்கிற மரப்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்டவர்களின் பெயர். "உங்களுடையது எது என்று சொல்ல முடியாது" என்றுவிட்டு அவர் அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

மகன் வீட்டுக்கு வந்து ஒப்பித்தான்: "நம்ம ஊருல தோலு ஊறப்போடுத ஆவாரம்பட்டை மாதிரிம்மா."

மறுநாள் துரைக்குப் பிரஷர் ஏறியிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எப்போதோ யாரோ பார்த்த வேலைக்கு இங்கே ஒருவருக்குப் பிரஷர் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

"மாத்திரை போட்டீங்களா?"

"ஷெப்பர்டுன்னா நல்லதுதானே சிஸ்டர்? ஏசுநாதரே ஷெப்பர்டுதானே?"

"நான் மாத்திரையைக் கேட்டேன்."

"காலி பண்ணச் சொல்லிட்டா நான் எங்கன போவேன்?"

படியில் மூச்சிரைப்பு கேட்டது. ஆச்சி மோர்ச் செம்போடு வந்தார். எப்போதும் உள்ளே வந்து மேசைமேல் வைப்பவர், அன்று நிலைப்படியிலேயே நின்றார்.

"தொர, தப்பா எடுத்துக்கிடாதிய. தெருவுல கேக்குதாக. உங்க ஆளுக ஆடு மேய்ச்சவுகளா, தோலு ஊறப்போட்டவுகளா?"

"ஆடுதான் ஆச்சி! ஆயிரம் ஆடு!"

"ஆயிரமா? அப்பம் கோனாக்கமாருன்னு சொல்லுங்க." ஆச்சி சிரித்தபடி உள்ளே வந்தார். "இந்தாங்க, மோரு."

துரை எழுந்து ஒரு கையை மட்டும் நீட்டினார். செம்பு ஆடியது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க தொர, கொட்டிராம."

நான் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில் பித்தளைக் கொக்கி உறுத்தியது. மோர் அவர் மணிக்கட்டில் வழிந்தது. இன்னொரு கை கால்சட்டையை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. அதை அவர் விடவில்லை.