முகக்கவசத்தின் உள்பக்கம்

லியாவ் யூலானுக்கு வாய் அதிகம் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். பதினாறு வருடம் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் நான். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

தைவானின் தைனான் நகரில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் நிலையம். யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், என்ன நோய், என்ன மருந்து என்ற அரசுக் காப்பீட்டுப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு அங்கே இருக்கும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் விண்ணப்பம் போட்டு, குழுவின் ஒப்புதல் வாங்கி, ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்துதான் அவற்றைப் பார்க்க முடியும். விண்ணப்பம் வாங்குவது என் வேலை. அந்த அறைக்குக் காவல் யூலான். போன், பேனா, காகிதம் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைப்பாள். உள்ளே போட்ட கணக்கின் முடிவை அவள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே கொடுப்போம். மூன்றுக்குக் குறைந்த எண் எங்கே இருந்தாலும் அழித்துவிடுவாள். சின்ன ஊரில் ஒரே ஒருவருக்கு ஒரு நோய் என்றால், பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் அல்லவா?

சுவாங் பெய்லிங் கடலோர ஊர் ஒன்றில் நர்ஸாக இருந்தவள். முப்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். இரும்பு ஆலைக்கு அருகில் வாழும் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்தான் அவள் எடுத்த விஷயம். ஒப்புதலுக்குப் பதினான்கு மாதம் அலைந்தாள். நான்கு முறை நானே அவள் விண்ணப்பத்தைத் திருப்பினேன், அதில் ஒரு முறை முத்திரை கோணலாக விழுந்திருந்தது என்பதற்காக. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

கடைசியில் அவள் கணக்குப் போட்டாள். அவள் ஊருக்கு வருடத்துக்கு இரண்டு, ஒன்று, இரண்டு என்று வந்தது. யூலான் எல்லாவற்றையும் அழித்தாள்.

"அக்கா, அந்த ரெண்டுல ஒண்ணு எங்க பக்கத்து வீட்டுக் குழந்தை. அதுக்கு நான்தான் ஊசி போட்டேன். அந்த எண்ணை மட்டும் எடுத்துட்டுப் போகக் கூடாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை, சரி. இந்தத் தாளு தெரியாதவங்க கைக்கும் போகுமே."

பெய்லிங் வெறும் கட்டங்கள் நிறைந்த தாளோடு மாடிப்படி இறங்கினாள். யூலான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் பேராசிரியர் டெங் வந்தார். ஒப்புதல் தரும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அவர் விண்ணப்பம் மூன்றே வாரத்தில் கையெழுத்தாகியிருந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் ஆலோசகர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மாலையில் அறையைவிட்டு வெளியே வந்தபோது அவர் முகக்கவசத்தில் நீலமாக ஏதோ ஊறியிருந்தது.

"சார், மாஸ்கைக் கழட்டுங்க."

"எனக்குச் சளிம்மா. உனக்கும் ஒட்டிக்கணுமா?"

"ஒட்டட்டும். கழட்டுங்க."

கழற்றி மேசைமேல் எறிந்தார். உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக எண்கள். எச்சில் ஈரத்தில் மை கரைந்திருந்தது. எழுதிய ரீஃபிலைக் காலுறைக்குள் வைத்திருந்தார். அதையும் யூலான் எடுக்க வைத்தாள்.

"வெறும் நம்பர். வாசல்ல நிக்கிற உனக்கு இதுல என்ன புரியும்?"

"புரியற அளவுக்குப் புரியுது சார். இந்த ஊர்ல அறுபத்திரண்டு வயசு ஆம்பளை ஒருத்தருக்குத்தான் இந்த நோய்னு எழுதியிருக்கீங்க. அவரு வீட்டுக் கதவு நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

கையுறை மாட்டிக்கொண்டு அந்த ஈரத்துணியை உறையில் போட்டு, தேதி எழுதி, இயக்குநர் ஷியிடம் கொண்டுபோனாள். நானும் சாட்சியாகப் போனேன். ஷி எங்களுக்கு ஊலாங் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"கவனக்குறைவுன்னு எழுதிடலாமே, யூலான்."

"கவனக்குறைவாத்தான் காலுறைக்குள்ள ரீஃபிலைச் சொருகினாரா?"

"அவரு குழுவுல இருக்கறவரு. நம்ம நிலையத்தோட அடுத்த வருஷ அனுமதியே அவங்க கையில இருக்கு."

"அப்ப நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டு எழுதுங்க. என் கையெழுத்து அதுல விழாது."

கவனக்குறைவு என்றே எழுதினார்கள். உறை இயக்குநரின் இழுப்பறையிலிருந்து காணாமல் போனது. துப்புரவு செய்தவர்கள் குப்பையோடு போட்டிருப்பார்கள் என்றார் ஷி. இனிமேல் கவனமாக இருக்கும்படி டெங்குக்கு மரியாதையாக ஒரு கடிதம் போனது.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். வசந்த விடுமுறை முடிந்ததும் புதிய ஆராய்ச்சியாளர்களுக்கு மரபுப்படி ஒரு கட்டாய வகுப்பு நடக்கும். அந்த வருடத் தலைப்பு, தரவுப் பாதுகாப்பும் நேர்மையும். பேச வந்தவர் டெங்.

ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போன யூலான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் வணக்கம். போன நவம்பர்ல இவரு முகக்கவசத்துக்குள்ள நோயாளிங்க விவரத்தை எழுதிக் கடத்தப் பாத்தாரு. பிடிச்சது நான்தான். இப்ப பேசுவாரு, கேளுங்க."

நாற்பது பேரும் டெங்கைப் பார்த்தார்கள். டெங் எழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, இந்த நிலையத்துல ஊழியர்கள் எவ்வளவு விழிப்பா இருக்காங்க!" முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். யூலான் கழிவறைக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினாள். நான் துண்டு கொண்டுபோனேன்.

"அவன்கூடப் பரவாயில்ல. தட்டினாங்களே, அந்தக் கை!" என்றாள்.

மறுவாரமே அவளைத் தரைத்தளத்துக்கு, அடையாள அட்டை கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

மாற்றல் வருவதற்கு முன்பே பெய்லிங்குக்கு முறையான ஒரு வழி சொல்லியிருந்தாள்: பக்கத்து இரண்டு ஊர்களையும் சேர்த்து, எட்டு வருடத்தை ஒன்றாகக் கேட்டால் எண் பெரிதாகும், அழிக்க வேண்டியிருக்காது, ஒரே ஊரின் சின்ன எண்ணைப் போலத் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. பெய்லிங் அப்படியே கேட்டாள். நாற்பத்தொன்று வந்தது. கட்டுரையும் வெளியானது. ஆலையைப் பற்றி மாவட்ட அலுவலகம் நடத்திய விசாரணையில் ஆலையின் வழக்கறிஞர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று ஊரைச் சேர்த்த கணக்கு இது, எந்த ஊரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாராம்.

பெய்லிங் இதை எங்களிடம் ஒரு கடையில் பால்மீன் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். யூலான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"இன்னும் பழைய வருஷங்களையும் சேத்தா எங்க ஊரு கணக்கு மட்டுமே தற்செயல் இல்லன்னு காட்டப் போதும் அக்கா. ஆனா அந்தப் பதிவு வேற துறைகிட்ட இருக்கு. அவங்களுக்குப் புதுசா விண்ணப்பம் போடணும்."

"போடுங்க. ஒவ்வொரு பக்கமும் நான் பாத்துத் தர்றேன்."

சனிக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து எழுதி முடித்து அனுப்பினார்கள். ஏழு மாதம் ஆகிறது. அந்தத் துறையிலிருந்து இன்னும் பதில் இல்லை.