வெள்ளிக்கிழமைக் குப்பை

எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கட்டம் கட்டமான ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போன அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. சேலம் ஸ்மார்ட் சிட்டி ஆகிறதாம். குப்பை வாங்க வருபவர் தினமும் அதைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டுமாம். குப்பைக்கு எதற்கு இத்தனை கண்காணிப்பு? நாங்கள் எப்போது வீட்டில் இருக்கிறோம், எப்போது ஊருக்குப் போகிறோம் என்று எவனோ உட்கார்ந்து பார்க்கிறான் என்றே நினைத்தேன். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன்மேல் தொங்கவிட்டேன்.

"குப்பையில அப்படி என்ன ரகசியம், மீன் முள்ளா?" என்று மனைவி சிரித்தாள்.

பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வந்த அம்மா, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வருபவர். கணவர் இல்லை, குடும்பம் அவர் சம்பளத்தில்தான் ஓடியது. தினமும் காலண்டர் தாளைத் தூக்கி, ஸ்கேன் செய்து, மறுபடி ஒழுங்காக மூடிவிட்டுப் போவார். என் கிறுக்கை மதித்த ஒரே ஆள்.

சிக்கல் வெள்ளிக்கிழமையில் இருந்தது. எங்கள் தெருவில் அன்று காலையில் குப்பையை வெளியே கொடுக்க மாட்டார்கள், கூடவே லட்சுமியும் போய்விடுவாளாம். வாசல் தெளித்துக் கோலம் போட்டபின் குப்பை வண்டி முன்னால் வந்து நிற்கவும் கூடாது. கேட் பூட்டியிருக்கும், ஸ்டிக்கர் உள்சுவரில் இருக்கும். திறந்திருப்பது வேதக்கார வீடான எங்களுடையது ஒன்றுதான்.

"ஸ்கேன் ஆகாத வீடெல்லாம் செவப்பா காட்டுது சார். நான் தெருவுக்கே வரலைன்னு மேஸ்திரி சொல்றாரு. இப்படியே போனா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களாம்," என்று ஒருநாள் அந்த அம்மா அழுதேவிட்டார்.

தெரு கூடிப் பேசியது. எல்லோருக்கும் நல்ல மனசுதான். கேட்டைத் திறக்கலாம் என்ற யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் எல்லா ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார்.

"இதையெல்லாம் உங்க ஊட்டுச் செவுத்துல ஒட்டிரலாமுங்க. அந்தம்மா வெள்ளிக்கிழமை இங்கயே நின்னு ஸ்கேன் பண்ணிட்டுப் போயிரட்டும். உங்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை கெடையாதுங்களே."

"எங்களுக்கும் பெரிய வெள்ளி இருக்குதுங்க, வருஷத்துக்கு ஒண்ணு," என்றேன். சிரித்தார்கள், ஒட்டினார்கள். தெருவையே பார்க்கும் கண் இப்போது மொத்தமாக என் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று எனக்கு உறுத்தியது. இன்னும் பெரிய காலண்டராகத் தேடி மாட்டினேன்.

சில வெள்ளிக்கிழமைகள் நன்றாகவே போயின. மேஸ்திரி திட்டுவதை நிறுத்தினார், அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை வண்டியோடு வேறொருவர் வந்தார்.

"அந்தம்மாவ நிறுத்திட்டாங்க. வெள்ளிக்கிழமையானா தெரு மொத்தமும் ஒரே எடத்துல ஸ்கேன் ஆயிருக்குது. போன் எங்க நிக்குதுன்னு ஆபீசுல மேப்புல தெரியுமுங்க. ஏமாத்து வேலைன்னுட்டாங்க," என்றார்.

நானும் எதிர்வீட்டுக்காரரும் மேஸ்திரியிடம் ஓடிப்போய் விளக்கினோம். அவர் போன் திரையைத் திருப்பிக் காட்டினார். "எல்லாப் புள்ளியும் உங்க ஊட்டு மேலயே குமிஞ்சு கெடக்குது பாருங்க. நான் என்னங்க பண்றது? இனி கேட்டைத் தொறக்காத ஊட்டுக்கு நோட்டீஸ்தான் வரும்."

அந்த ஸ்டிக்கர் என்னைத்தான் பார்க்கிறது என்று நான் மூடி மூடி வைத்தேன். அதற்கு நானும் வேண்டியிருக்கவில்லை, என் மீன் முள்ளும் வேண்டியிருக்கவில்லை. தினமும் அந்த அம்மா எங்கே கால் வைக்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோலத்தை ஒட்டியே ஒவ்வொரு வாசலிலும் குப்பை வண்டி நின்றது. நோட்டீஸுக்குப் பயந்து எல்லாக் கேட்டும் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் குப்பை வாளியைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். எந்த வீட்டிலிருந்தும் லட்சுமி போனதாகத் தெரியவில்லை. அயோத்தியாப்பட்டணத்து அம்மா மட்டும்தான் போயிருந்தார்.