ரப்பர் பேண்டு போட்ட மைக்

முதல் மண்டை உடைந்தது மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வாசலில். எங்கள் ஏழாம் நம்பர் வண்டி டிரைவரின் மண்டை. உடைத்தது எதிர்க் கம்பெனி டிரைவர் ஒருவர், ஜாக்கி லிவரால். பூ மார்க்கெட்டுக்கு வந்த சனம் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. எதிரே இரண்டாவது மாடி ஜன்னலில் நின்றிருந்த நான், "திருப்பி அடிங்கண்ணே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டிகிரியும் டைப்ரைட்டிங்கும் முடித்து, டீச்சர் வேலைக்கு அலைந்து சலித்து, ஒரு கால் டாக்ஸி கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. அதிர்ந்து பேசாத குடும்பம் என்று தெருவில் பெயர். அந்தப் பெயரை நான் ஒருத்தியே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். செல்போன் வந்திருந்தது, ஆனால் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம். டிரைவர்கள் யாரிடமும் கிடையாது. வண்டி வேண்டுமென்றால் ஜனங்கள் எனக்கு போன் செய்வார்கள். நான் மைக்கின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அமுக்கி, "கே.கே. நகர்ப் பக்கம் யாரு இருக்கீக?" என்று கேட்பேன். பொத்தானை விட்டால்தான் அவர்கள் சொல்வது காதில் விழும். அமுக்கியிருக்கும்வரை நான் பேசலாம், கேட்க முடியாது. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்துக்கு ஒரு குரல்தான் போகும்.

அந்த அலைவரிசையை வாங்க எங்கள் முதலாளி ஒன்றரை வருடம் செருப்புத் தேய அலைந்தார். விண்ணப்பம் டெல்லிக்குப் போகும். ராணுவம், போலீஸ், விமானம், ரயில், ரேடியோ என்று பெரிய பங்குகள் முதலிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்களில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கடிதங்கள் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஓரமாக ஒரு துண்டு கிடைக்கும். லைசென்ஸ் வந்த அன்று முதலாளி அதைக் கண்ணாடி போடாமல் சட்டத்தில் அடித்து, சரஸ்வதி பூஜைக்கு வைப்பதுபோலச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சுவரில் மாட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் எங்கள் சேனலில் வேறொரு பெண் குரல் கேட்டது. "கன்ட்ரோல் டு ஆல் கார்ஸ், குட் மார்னிங்" என்றது. ரயில்வே ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் புதிதாகக் கிளம்பிய டாக்ஸி கம்பெனி அது. அவள் மிஷன் ஸ்கூலில் படித்தவள் என்பது அந்த இங்கிலீஷிலேயே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருடி நீ, எங்க சேனல்ல?" என்றேன், முப்பது வண்டிக்கும் கேட்க.

முதலாளி புகார் எழுதிப் போட்டார். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் ஆன்டெனா வைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர், சத்தம் போடாதவர். நேரே சுவரருகே போய், லைசென்ஸின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் சுரண்டினார். அடியில் இரண்டு வரி இருந்தது. இந்த அலைவரிசை உங்களுக்கு மட்டும் உரியதல்ல, மற்றவர்க்கும் வழங்கப்படலாம் என்று அவர் தமிழில் சொன்னார்.

"அம்புட்டு நாள் அலைஞ்சு வாங்கியிருக்கேன் சார்! பட்டா போட்ட எடத்துல இன்னொருத்தன் வந்து குடிசை போடுவானா?" என்று முதலாளி எகிறினார்.

"இது பட்டா இல்ல சார். கம்மாய்த் தண்ணி மாதிரி. முறை வச்சுப் பாய்ச்சிக்கணும். பொத்தான அமுக்குறதுக்கு முன்னாடி காது குடுங்க. யாரும் பேசலைன்னா நீங்க பேசுங்க. இல்ல, ரெண்டு பேர்ல ஒருத்தர் வேற அலைவரிசை கேட்டு எழுதுங்க. வரிசையில நின்னா கிடைக்கும்."

இரண்டு பேரில் ஒருவரும் எழுதவில்லை. எழுதினால் தோற்ற மாதிரி. அதற்குப் பதிலாக அடித்துக்கொண்டார்கள்.

அவள் ஒரு முகவரி சொல்வாள். எங்கள் டிரைவர் அதைக் கேட்டுவிட்டு முந்திப் போய் ஆளை ஏற்றிக்கொள்வார். என் முகவரிக்கு அவர்கள் ஆள் முந்துவார். ஏமாந்தவன் அடுத்த சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி வருவான். அந்த மூன்று மாதத்தில் உடைந்த முன்கண்ணாடிகளை நான் எண்ணவில்லை. ஒருவருக்குக் காது கிழிந்தது. ஒருவரைக் கோரிப்பாளையம் பாலத்தருகே சட்டையைப் பிடித்து இழுத்து, ஓடுகிற ஷேர் ஆட்டோவின் மேல் தள்ளினார்கள். ஒவ்வொரு அடிதடியையும் டிரைவர்கள் வந்து என்னிடம் நடித்துக் காட்டுவார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்து ரசித்துக் கேட்டேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

பெண்கள் நாங்கள் இரண்டு பேரும் வேறு விதமாக அடித்துக்கொண்டோம். பொத்தானை அமுக்கி அப்படியே வைத்திருப்பது. ஒருத்தி அமுக்கினால் அடுத்தவளின் வண்டிகள் எல்லாம் செவிடு. முதலில் செய்தவள் அவள்தான் என்று நான் சத்தியம் செய்வேன், அவள் என்னைச் சொல்வாள். அந்த நேரங்களில் செட்டில் ஒரே இரைச்சலாக வரும் என்பதால் டிரைவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு பீடி குடிக்கப் போய்விடுவார்கள். இது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

எங்கள் பதினோராம் நம்பர் டிரைவர் மட்டும் எந்தச் சண்டைக்கும் போகாதவர். ஒத்தக்கடைக்காரர், ஐம்பது வயது இருக்கும். என்னைத் தங்கச்சி என்பார். ஒரு முகூர்த்த நாள் காலையில் அவள் அழகர்கோவிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போகும்படி தன் வண்டி ஒன்றிடம் சொன்னது கேட்டது. பக்கத்தில் பதினொன்றுதான் இருந்தார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேணாந் தங்கச்சி. அவிங்க சவாரி. அந்த ரோட்டுல திரும்பி வாரப்ப மறிப்பாய்ங்க."

"பயமா இருந்தா சொல்லுங்கண்ணே, ஆம்பள யாரையாச்சும் அனுப்புறேன்."

"போறேன்" என்றார்.

அன்று எதிர்க் கம்பெனிக்குப் பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று. பத்துப் பன்னிரண்டு வண்டியை மண்டபத்துக்கும் ஸ்டேஷனுக்கும் விரட்டிக்கொண்டிருந்தாள். டிரிப் பறிபோன ஆத்திரத்தில் மதியம்வரை விட்டு விட்டுச் சேனலிலேயே என்னைத் திட்டினாள். என் ஜாதியையும் பாஷையையும் சேர்த்துத் திட்டினாள். உன் கல்யாணத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் பார் என்று மைக்கின் பொத்தானை அமுக்கி, அதன் மேல் இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றினேன். மதியம் ஒரு மணி. கரண்ட் போயிருந்தது, செட் பேட்டரியில் ஓடியது. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து, மைக்கை அதன் விளிம்பில் வைத்தேன். என் குரல் அதில் போய்விடக் கூடாது என்று போன் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்தேன். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, வாயைத் திறக்காமல், நிதானமாகப் புளியோதரை சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

கை கழுவிவிட்டு வந்து ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். செட்டில் ஒரு சத்தமும் இல்லை. ரிசீவரை வைத்த அதே நொடியில் போன் அடித்தது. அழகர்கோவில் ரோட்டில் அப்பன் திருப்பதிக்கு இந்தப் பக்கம் ஒரு பூத்திலிருந்து யாரோ ஒருவர் மூச்சு வாங்கப் பேசினார்.

"ஏம்மா, எம்புட்டு நேரமா அடிக்கிறேன், எங்கேஜ்டாவே இருக்கு! உங்க வண்டியில நம்பர் பாத்துத்தேன் கூப்புடுறேன். டிரைவர அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாய்ங்க. வாயெல்லாம் ரத்தம். மைக்க இறுக்கிப் புடிச்சிருக்காரு, விட மாட்டேங்குறாரு."

மூன்று வண்டிகள் மறித்திருக்கின்றன. கண்ணாடியை உடைத்து அவரை இழுப்பதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார். கூப்பிட்டிருக்கிறார். எங்கள் வண்டிகள் இரண்டு ஊமச்சிகுளத்தில் சும்மா நின்றன, ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். சேனலை அடைத்திருந்த என் ஆன்டெனாவுக்கு முன்னால் அவர் செட்டின் குரல் எங்கும் எடுபடவில்லை. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, மூன்று விலா எலும்பு போயிருந்தது. பெரியாஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாது, கஞ்சியை உறிஞ்ச வேண்டும் என்றார்கள். நான் வார்டு வாசல்வரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பினேன்.

சேனலை அடைத்தது அவள்தான் என்று எங்கள் டிரைவர்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆளை மறிக்கவும் செய்து, உதவி போகாமல் லைனையும் அடைத்திருக்கிறாள் என்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எட்டுப் பேர் லாட்ஜ் மாடிக்குப் போனார்கள். செட்டைத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள். ஏழாம் நம்பர் டிரைவர் திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவ கைய மேசையில வச்சு, செட்டோட பேட்டரியத் தூக்கிப் போட்டுட்டேன். நாலு வெரலு. இனிமே எப்புடி அமுக்குறான்னு பாப்போம்."

இந்த முறை நான் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. அதே நேரம் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. இனி யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் விசாரித்தார்கள். போலீஸ் இரண்டு பக்கத்திலும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அதே அதிகாரி மறுபடி வந்தார். அரசு விருந்தினர் மாளிகையில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். அவளை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். கழுத்தில் நூலில் கோர்த்த சிலுவை. வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு.

"அன்னைக்கு நான் அமுக்கல சார்," என்றாள். "கல்யாண வண்டிக்கு நானே பத்து தடவ கூப்புட்டேன், எனக்கே கிடைக்கல." பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா." என்னைத் திட்டிய குரல்தான், ஆனால் அதில் இப்போது கெஞ்சல் மட்டும் இருந்தது.

"நீங்க அமுக்குனீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார்."

அவர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். அன்று அவருடைய ஜீப் மதுரையில் இல்லை, கையில் பதிவு எதுவும் இல்லை, எழுத ஒரு வாக்குமூலம்தான் இருந்தது. வேண்டுமென்றே இடையூறு செய்ததாக எதிர்க் கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானது. சேனல் எங்களுக்கு மட்டும் என்றானது. முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடமே வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றாகி, டிரைவர்கள் எல்லோரும் செல்போன் வாங்கி, செட்டுகளைக் கழற்றிப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டோம். இத்தனை ரத்தம் சிந்திய அந்த அலைவரிசையை அதன் பிறகு யாருமே கேட்கவில்லை.

அதற்கு முன்னால், கம்பியை அவிழ்த்த பத்தாம் நாள், பதினோராம் நம்பர் டிரைவர் கண்ட்ரோல் ரூமுக்குப் படியேறி வந்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை. ஜன்னலருகே போய் நின்று கீழே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். பேச்சு குழறியது, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னார்.

"மைக்க வச்சுக்கிட்டுக் கெடந்தேன் தங்கச்சி. அடி விழுகுது, செட்டுல இரைச்சலு. நம்ம ஆளுக சத்தத்தக் கொறச்சுட்டாக, நான் கொறைக்கல. காது பூராம் அதுலதேன் இருந்துச்சு. அந்த இரைச்சலுக்குள்ள ஒரு கண்டக்டரு கத்துறான். மேலூர் மேலூர், திருப்பத்தூர், காரக்குடின்னு. அந்தப் புள்ள இருக்குற ரயிலு டேசனுக்கு எதுத்தாப்புல எங்க இருக்கு காரக்குடி பஸ்ஸு?"

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள வெரல ஒடச்ச அன்னைக்கி எனக்கு வாயக் கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சு. உனக்கு என்னத்தப் போட்டுக் கட்டியிருந்துச்சு?"