அழாத பிள்ளை

புதுவயலில் எங்கள் அங்கன்வாடியின் பின்சுவர் ஓர் அரிசி மில்லின் களத்தை ஒட்டியிருக்கிறது. நெல் அவிக்கும் வாடை காலையிலேயே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரே அரிசியில் மிதக்கிற இடத்தில், பிள்ளைகளுக்குச் சத்துக் குறைவு என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? "டீச்சருக்குப் பொழுது போகலை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. எனக்கும் வாய் சும்மா இருக்காது. "ஆமா, பொழுது போகாமத்தான் உங்க வீட்டு நாய்கிட்டக் கடி வாங்க வந்தேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.

அந்த ஐப்பசியில் களத்து வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு, முதல் பிறந்தநாள் தாண்டிய மகள் இருந்தாள். புருஷன் அதே மில்லில் லோடுமேன். மில்லுக்குள்ளேயே வரிசையாகக் கட்டிவிட்டிருக்கும் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். எடை பார்க்கிற நாளில் அந்தப் பிள்ளை வரவில்லை. சத்துமாவு வாங்கவும் யாரும் வரவில்லை. ஆள் விட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. பிள்ளையின் படத்தைப் போனில் ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரே நச்சரிப்பு. எரிச்சலோடுதான் ஒரு மதியம் மில் கேட்டுக்குள் நுழைந்தேன்.

அவள் அப்போதுதான் களத்திலிருந்து வந்து சோற்றில் கை வைத்திருந்தாள். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"வாங்க டீச்சர். சாப்புடுறீகளா?"

"நான் சாப்புட வரலை. பிள்ளை எங்க?"

பிள்ளை மூலையில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. புது ஆளைக் கண்டால் அந்த வயதுப் பிள்ளை ஒன்று சிரிக்கும், இல்லை வீறிட்டு அழும். இது இரண்டையும் செய்யவில்லை. கண்ணை மெதுவாக என் பக்கம் நகர்த்தியது, பிறகு மறுபடி வாசலைப் பார்த்தது.

"தங்கமான பிள்ளை டீச்சர். அழுகவே மாட்டா. வேலைக்குப் போகயில உக்கார வச்சா, நான் வார வரைக்கும் அப்புடியே இருப்பா. லைன்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அவள் பெருமையாகச் சொன்னாள். அழுகிற பிள்ளைகளைப் பார்த்து நான் என்றைக்கும் பயந்ததில்லை. அழுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

"என்ன குடுக்குற இவளுக்கு?"

"வயித்தால போகுதுல்ல, சோறு குடுத்தா இன்னும் போகும். அதான் வயித்தைக் காயப் போட்டுருக்கேன். கடுங்காப்பி, வடிகஞ்சித் தண்ணி, அம்புட்டுத்தான். நின்னதும் குடுக்கலாம்னு இருக்கேன்."

"எப்ப இருந்து?"

"புரட்டாசியில இருந்தே. நிக்கிற மாதிரி நிக்குது, மறுக்கா வந்துருது."

பிள்ளையைப் பட்டினி போடுகிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. வைத்தியம் பார்ப்பதாக நினைத்திருந்தாள். எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு வயிறு கெட்டாலும் இதே வைத்தியம்தான். வளர்ந்த உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். இந்த உடம்பில் தாங்குவதற்கு என்ன இருந்தது? பையிலிருந்த அளவு நாடாவைப் பிள்ளையின் புஜத்தில் சுற்றினேன். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால்கூடத் தேற்றிவிடலாம். நாடா சிவப்பில் போய் நின்றது.

"கிளம்புத்தா. இப்பவே காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகணும். கொஞ்ச நாள் தங்குற மாதிரி இருக்கும்."

"எதுக்கு?"

"உடம்புல சத்தே இல்லை. விட்டா பிள்ளை தங்காது."

அவள் முகம் இறுகிவிட்டது. "அரிசி மில்லுல வேலை பாக்குறவ, பெத்த பிள்ளைக்குச் சோறு போடலைன்னு ஊரெல்லாம் சொல்லப் போறீகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. "மழை வருது! எல்லாரும் இங்குட்டு வாங்கத்தா!" என்று களத்து மேஸ்திரி கத்தினார். அவித்த நெல் நனைந்தால் அத்தனையும் பாழ். அவள் கையைக் கழுவினாளோ இல்லையோ, எழுந்து ஓடிவிட்டாள். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்.

தூக்கினேன். கனமே இல்லை. கையும் காலும் ஜில்லென்று இருந்தன. பையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. கரைத்து ஸ்பூனில் உதட்டில் வைத்தேன். விழுங்குமா விழுங்காதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் விழுங்கியது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. பிள்ளை பிடிக்கிறவள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் கூட இருந்து பால் புகட்ட, ராத்திரி பகலாக மடியில் வைத்துக்கொள்ள, தாய் அல்லவா வேண்டும்? தகரக் கூரையில் மழை அடிக்க ஆரம்பித்தது. அந்த நெல்லின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

குளிருக்கு முந்தானையால் பிள்ளையைச் சுற்றும்போதுதான் கவனித்தேன். இடுப்பில் கட்டியிருந்த கறுப்பு அரைஞாண் கயிறு நழுவித் தொடைக்கு வந்துவிட்டது. முடிச்சுக்கு அப்பால் ஒரு நீளமான வால் தொங்கியது. வளர்கிற பிள்ளைக்குக் கயிறு வயிற்றை அறுக்கும், தாய் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவாள். இங்கே தலைகீழாக நடந்திருந்தது. பழைய முடிச்சுகள் இருந்த இடமெல்லாம் கயிற்றில் நெளிவு நெளிவாகத் தெரிந்தது.

அவள் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தாள். நல்ல வசவாக நாலு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"கயிறு நழுவுதுத்தா. கட்டிவிடு."

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் விரல்கள் முடிச்சை அவிழ்த்தன.

"மொதல்ல எந்த இடத்துல கட்டியிருந்த?"

கயிற்றின் நுனிக்குப் பக்கத்தில் இருந்த நெளிவைக் காட்டினாள். அந்த இடத்திலேயே பிடித்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தாள். கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே அவள் கை முழுசாக நுழைந்தது. கையை வெளியே எடுக்கவே இல்லை.

"நழுவுது நழுவுதுன்னு இறுக்கிக்கிட்டே வந்துருக்கேன் டீச்சர். என் கையாலதான் கட்டுனேன்."

அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கூப்பிட்ட ஆட்டோவில் ஈரச் சேலையோடு ஏறினாள். கேட்டில் மேஸ்திரி மறித்தார்.

"களத்தைப் போட்டுட்டு எங்க போற?"

"உங்க நெல்லு நனையலைல்ல, வழியை விடுங்க" என்றேன்.

போகிற வழியில் பிள்ளையின் கண் செருகியது. அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "ஆத்தா, இந்தா பாரு, அம்மாவைப் பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் என்ன செய்வார், மழையில் ரோடே தெரியவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற கழனிவாசலுக்குள் நுழையும்வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கம்பளியில் சுற்றினார்கள், ஊசி போட்டார்கள். பிறகு சின்ன டம்ளரின் அடியில் கொஞ்சம் பால் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ. "இம்புட்டுத்தானா? பட்டினி கெடந்த பிள்ளைக்கு இம்புட்டுத்தான் குடுப்பீகளா?"

பட்டினி என்ற சொல் அவள் வாயில் அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. "ஒரேடியாக் குடுத்தா இந்த உடம்பு தாங்காதும்மா. கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்தணும்" என்றார் நர்ஸ். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகப் புகட்ட ஆரம்பித்தாள்.

பிழைக்குமா என்று கேட்டால் டாக்டர் "பார்க்கலாம்" என்பார். மறுநாளும் "பார்க்கலாம்"தான். அந்தச் சொல்லையே நான் வெறுத்துப்போனேன். அங்கன்வாடியைப் பூட்டிவிட்டுத் தினமும் பஸ் ஏறுவேன். பிள்ளை குடிக்கும், பேதியாகும், சோர்ந்து படுத்துக்கொள்ளும். சத்தமே வராது. அவள் தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போதே வார்டிலிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. காது கிழிகிற மாதிரி, ஆங்காரமான அழுகை. வேறு யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் மடியில் இவள்தான் காலை உதைத்து, காலி டம்ளரைத் தட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்து, "பிள்ளையைச் சமாதானப்படுத்தும்மா, மத்த பிள்ளைங்க தூங்குதுல்ல" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்தது.

"அழுகட்டும் சிஸ்டர்," என்றாள். "அவளுக்குப் பசிக்குது."